உதிர்ந்த இலைக்கு அனுமதி

மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
16.02.2025

அன்புள்ள தாட்சா,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ஆகவே நேரே சண்டைக்கு வருகிறேன். உன்னைத் தொலைபேசியில் பிடிக்கவே முடியவில்லை. எப்போது எடுத்தாலும் "கூட்டத்தில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்கிறாய். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. கோயில் மேட்டில் ஏறி நின்று, சிக்னல் பிடித்து, வட்ஸ்அப்பில் நான் பக்கம் பக்கமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்து என் சோற்றுப் பெட்டியில் கை போட்டவள் நீ. இரத்தினபுரிக் கல்விக் கந்தோரில் ஆசிரிய ஆலோசகராக உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டாய் என்று றஹீமா டீச்சர் சொல்கிறார். இல்லை என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

நீ தொடங்கி வைத்துவிட்டுப் போன முயற்சியாண்மைப் பாடம் இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. தரம் பத்தில் பதினொரு பிள்ளைகள். சந்தை, தேவை, வாடிக்கையாளர் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சந்தை ஆய்வு செய்து வாருங்கள் என்று அனுப்பினேன். அஜந்தன் வந்து எழுந்து நின்று சொல்கிறான்: "எங்க லயத்துல எட்டு வீடுங்க டீச்சர். என்ன வேணும்னு எட்டு வீட்டுலயும் கேட்டேன். எல்லாரும் சம்பளம் கூட்டித் தந்தாப் போதும்னாங்க." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அதிபர் நல்லையா சேர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மே மாதம் நீ இரத்தினபுரியில் நடத்தும் மாணவர் சந்தையில் நம் பள்ளிக்கூடம் ஒரு மேசை போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பாடம் இல்லை, நான் பழையபடி நாலாம் வகுப்புக்குப் போக வேண்டியதுதான். எனக்கு நாலாம் வகுப்பு ஒன்றும் கசக்காது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்தால் ஒன்று தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு, இல்லாவிட்டால் கொழும்பில் யாருடைய கடையிலாவது சாமான் கட்டுவது. சொந்தமாக ஒன்றைச் செய்யலாம் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பது கிழமையில் இந்த மூன்று பாடவேளையில்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள நான் விடமாட்டேன்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. உனக்கு ஷாமிளாவை நினைவிருக்கும். கடைசி வரிசையில் இருந்து எதிர்க்கேள்வி கேட்பாளே, அவளேதான். போன கிழமை லயத்துத் தண்ணீர்க் கானில் அழுகிக் கிடந்த ஒரு ரப்பர் இலையை எடுத்து வந்தாள். பச்சையெல்லாம் கரைந்து போய் நரம்பு மட்டும் மிச்சம், வலை பின்னியது போல அத்தனை நேர்த்தி. "இத அட்டையில ஒட்டினா வெசாக் கார்ட் ஆகும்ங்க டீச்சர். வெசாக் பண்டிகைக்கு டவுன்ல எல்லாரும் வாங்குவாங்க" என்றாள். நான் கத்திய மூன்று சொல்லும் அந்த ஒரே பேச்சில் இருந்தது. மலை முழுக்க இப்போது இலை உதிர்கிறது. வகுப்புக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் ஊறப் போட்டிருக்கிறோம். நாற்றம் தாங்காமல் நல்லையா சேர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அதுவும் ஒரு இலாபம்தான்.

எங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கிவை.

உன்னைத் திட்டவும் உரிமையுள்ள,
விஜி


இரத்தினபுரி.
24.02.2025

அன்பின் விஜிக்கு,

உமது கடிதத்தைக் கந்தோரில் வைத்தே வாசித்துச் சிரித்ததில் பக்கத்துக் கதிரைக்காரர் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். றஹீமாவுக்குச் சொல்லும், நான் மாறவில்லை, இடுப்பு மட்டும்தான் கொஞ்சம் பெருத்திருக்கிறது.

ஷாமிளாவின் யோசனை எனக்குக் கண்ணீரையே வரவழைத்துவிட்டது. இந்த மாகாணத்தில் முப்பது பாடசாலைகள் மேசை கேட்டிருக்கின்றன. மற்ற இருபத்தொன்பதும் தொதல், பலகாரம், ஊதுபத்தி. உமது பிள்ளைகள் மட்டும்தான் தங்கள் காலடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மேசை உண்டு, கவலைப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு சின்ன விடயம். மூலப்பொருள் வேறொருவர் காணியிலிருந்து எடுக்கப்பட்டால், உரிமையாளரின் எழுத்து மூல அனுமதியும், எப்படிச் சேகரிக்கிறீர்கள் என்ற விவரமும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். சென்ற வருடம் ஒரு பாடசாலை கோயில் காணியில் களிமண் எடுத்துச் சட்டி செய்யப் போய்ப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த விதியை நானே முன்னின்று கொண்டுவந்தேன். தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம் போடும். விழுந்த இலைதானே, மறுக்க அவருக்கு என்ன பைத்தியமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் வாய் திறந்து கேட்கப் பயந்து பயந்தே காலத்தைப் போக்கிவிட்டார்கள். கேட்பதுதான் ஒரு முயற்சியாளருக்கு முதற்பாடம். பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியும். அதைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் கிடைக்காது.

அம்மா ஊரிலிருந்து பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்பியிருக்கிறா. உமக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தாட்சாயினி


மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
03.03.2025

அன்புள்ள தாட்சா,

ஒடியல் மாவைக் காட்டி என்னை மடக்கப் பார்க்காதே. நீ சின்ன விடயம் என்றது இங்கே சின்னது இல்லை.

நீ ஆறு வருடம் இங்கே படிப்பித்தாலும் தெஹியோவிட்ட டவுனில் அறை எடுத்து இருந்தவள். பள்ளிக்கூட மணி அடித்ததும் பஸ் ஏறிவிடுவாய். அதனால் ஒரு விசயம் உனக்குத் தெரியாமல் போய்விட்டது. மலையில் விழுந்து கிடக்கும் காய்ந்த கொப்புகளைத்தான் எங்கள் வீட்டு அடுப்புகளெல்லாம் எரிக்கின்றன. பால் வெட்டி முடிந்து வரும்போது பெண்கள் ஆளுக்கொரு கட்டு தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். அது தோட்டத்துச் சொத்து, எடுக்கக் கூடாது. ஆனால் மலைக் காவலுக்கு இருக்கும் வாச்சர் காத்தமுத்து அண்ணன் வளைவுக்கு வருமுன்னே பலமாக இருமுவார். இவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், அவர் போய்விடுவார். அவரும் பார்க்கவில்லை, இவர்களும் எடுக்கவில்லை. இது தோட்டத்தை நடத்தும் தொரைக்கும் தெரியும், அவருக்கு முன்னால் இருந்த தொரைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு 'இல்லை' என்பதுதான் வசதி.

இதையெல்லாம் உனக்கு எழுதி, விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். நீ பாராட்டி எழுதியதைப் பிள்ளைகள் கேட்கட்டும் என்று உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். பாராட்டோடு நிறுத்தாமல், கேட்பதுதான் முதற்பாடம் என்ற இடம் வரைக்கும் வாசித்துவிட்டேன். ஷாமிளா எழுந்துவிட்டாள்.

"கேட்டாத்தான் என்னாங்க டீச்சர்? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறாங்க."

பதினைந்து வயதுப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறது. கேட்கக் கூடாது, ஒளிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? முயற்சியாண்மை டீச்சர் சொல்லக் கூடிய பேச்சா அது?

சரி, எழுதினார்கள். இரண்டு நாள் எழுதினார்கள், தாட்சா. சிங்களத்தில்தான். அஜந்தனின் சிங்களக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மரியாதைச் சொல் எங்கே வர வேண்டும் என்று டவுனில் மருந்துக் கடைச் சிங்கள மாத்தயாவிடம் போய்க் கேட்டு வந்தார்கள். எப்படிச் சேகரிக்கிறோம் என்ற விவரம் வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயல்லவா? "நாங்கள் மரத்திலிருந்து ஓர் இலையும் பறிப்பதில்லை. அம்மாமார் விறகு பொறுக்கும்போது கூடவே போய், கீழே விழுந்ததை மட்டும் எடுக்கிறோம்" என்று ஷாமிளா சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கீழே கையெழுத்து வைத்தேன். அன்றைக்கு அதைக் கொடுக்க அவர்கள் தொரையின் கந்தோருக்கு மலையில் ஏறிப்போன நடையை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனார்கள்.

எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

விஜி


மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
23.03.2025

தாட்சா,

பதில் வந்துவிட்டது. தொரை தானாகப் பதில் சொல்லவில்லை. கடிதத்தைக் கொழும்பில் இருக்கும் தோட்டக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் பெரிய உறையில், முத்திரை குத்தி, அதிபருக்கு எழுதியிருக்கிறார்கள். நல்லையா சேர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இலை எடுக்க அனுமதியில்லை. அது முதல் பந்தி. அதோடு விட்டிருந்தால் நானே பிள்ளைகளுக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். இரண்டாவது பந்தியில், தோட்டத்தில் விறகு சேகரிக்கப்படுவதாகத் தங்கள் மாணவர்களின் கடிதத்திலிருந்தே தெரிய வருகிறது, அது உடனே நிறுத்தப்படுகிறது என்று இருக்கிறது.

பிள்ளைகள் எழுதிய அந்த வரியை அனுப்புமுன் நான் நாலு தரம் வாசித்தேன், தாட்சா. சொல் அழகாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குள் விறகு இருப்பது என் கண்ணில் படவே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்து, அம்மா தலைச்சுமைக்குப் பின்னாலேயே நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். நீ விவரம் கேட்டாய் என்றதும் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுத விட்டேன்.

காத்தமுத்து அண்ணனைத் தோட்டக் கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரித்து, வாச்சர் வேலையிலிருந்து புல் வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து புது ஆள் ஒருவன் வந்திருக்கிறான். அவன் இருமுவதில்லை. வியாழக்கிழமை அஜந்தனின் அம்மா மூக்காயி அக்காவின் விறகுக் கட்டைப் பிடுங்கிக் கானில் எறிந்துவிட்டானாம். மறுநாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றார்கள். எல்லாரும் எனக்கு அக்கா, சித்தி, மதினி முறைதான். மூக்காயி அக்காதான் பேசியது.

"டீச்சராகிட்டா எல்லாம் மறந்துபோகுமா விஜி? புள்ளைகளுக்கு யாவாரம் சொல்லிக் குடுன்னுதான விட்டோம். எங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லியா விட்டோம்?"

"அக்கா, நான் வேணும்னு செய்யலக்கா."

"வேணும்னு செஞ்சா என்னா, வேணாம்னு செஞ்சா என்னா? ஒல வைக்க வெறகு இல்ல. ஒன்னோட பாடத்தை வச்சு அடுப்பு எரிக்கட்டா?"

நான்கு பிள்ளைகளைச் சுகாதாரப் பாடத்துக்கு மாற்றச் சொல்லி அன்றைக்கே கேட்டுவிட்டார்கள். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேஸ் அடுப்பு எங்கள் வீட்டில் மட்டும் எரிகிறது, அதுவும் அவருக்கு ஒரு வெட்கமாகிவிட்டது. மிஞ்சிய பிள்ளைகள் வகுப்பில் தலை குனிந்து இருக்கிறார்கள். ஷாமிளா என்னைப் பார்ப்பதே இல்லை.

நீ கந்தோரில் பெரிய ஆள். யாரிடமாவது பேசு. அந்தக் கம்பெனிக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறைந்தது மேசையையாவது தா. பிள்ளைகள் கேட்டது தப்பில்லை என்று நான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

விஜி


இரத்தினபுரி.
02.04.2025

அன்பின் விஜிக்கு,

உமது கடிதம் கிடைத்து இரண்டு நாள் நித்திரை இல்லை. எவ்வளவு கவலைப்படுகிறேன் என்று எழுத்தில் காட்ட எனக்குத் தெரியாது.

ஆனால் விஜி, நான் விவரம் கேட்டேன்தான், விறகைப் பற்றி எழுதச் சொல்லவில்லையே. அனுப்புமுன் ஒரு பிரதியை எனக்குக் காட்டியிருக்கலாம். கம்பெனிக்கு எங்கள் பணிப்பாளர் மூலம் ஒரு கடிதம் போட ஒழுங்கு செய்திருக்கிறேன். கடிதத்துக்குப் பதில் வரச் சில மாதம் செல்லும், பொறுமையாக இருக்க வேண்டும்.

மேசை விடயத்தில் நான் என்ன செய்ய? விதியைக் கொண்டு வந்தவளே நான். அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கும்போது, என் சிநேகிதியின் பாடசாலைக்கு மட்டும் மேசை கொடுத்தால் நாளைக்கு இங்கே என் முகத்தில் யார் முழிப்பார்கள்? நீர் என்னை விளங்கிக்கொள்வீர் என்று நம்புகிறேன். பிள்ளைகளை வேறு ஏதாவது செய்யச் சொல்லும். எள்ளுப்பாகு, மிக்சர், எதுவானாலும் சரி. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தோல்வியும் ஒரு பாடம்தான். பெரிய பெரிய முயற்சியாளர் எல்லாம் விழுந்து எழும்பியவர்கள்தானே.

புது வருடத்துக்கு நான் ஊருக்குப் போகப்போவதில்லை. அம்மா ஏசுகிறா. உமது அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லும், கோபம் ஆறிவிடும்.

அன்புடன்,
தாட்சாயினி


மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
11.04.2025

தாட்சாயினிக்கு,

எள்ளுப்பாகு என்று எழுதியிருக்கிறாய். எள்ளுப்பாகு காய்ச்ச அடுப்பு எரிய வேண்டும் என்பது உனக்குத் தோன்றவே இல்லையா? கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு பொறுக்கி ஒட்டினேன். ஒட்டி வைத்து மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே கோபம்தான் வந்தது.

விழுந்து எழும்புவது பற்றி எங்களுக்குச் சொல்ல வேண்டாம். முதல் கடிதத்தில் 'உங்கள் ஆட்கள்' என்று எழுதினாய். கோபிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தாய், அதனால் அன்றைக்குக் கோபிக்கவில்லை. இப்போது கோபிக்கிறேன். உன் ஊரில் பனங்காய் விழுந்தால் வேலிக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்ப்பீர்கள். உன் பக்கம் விழுந்தால் உனக்கு, அடுத்த பக்கம் விழுந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கு. தகராறு வந்தால் காணி உறுதியை எடுத்துக் காட்டலாம், வழக்குப் போடலாம். அப்படி வளர்ந்தவள் 'கேட்டால்தானே கிடைக்கும்' என்று நினைப்பதில் பிழையில்லை. நாங்கள் குடியிருக்கிற அறையே எங்களுடையது இல்லை. சுவரில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட வேண்டும் என்பதை எங்கள் ஆட்கள் பயத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பிழைப்பை நீயும் நானும் சேர்ந்து ஒரு கடிதத்தால் கெடுத்தோம். நான்கூட எழுதாதே என்று பிள்ளைகளைத் தடுக்கவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்டில் நின்று ஏச்சு வாங்கினேன். நீ எங்கே நின்றாய்?

போன கிழமை உற்பத்திக் காரணிகள் பாடம். நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை என்று கரும்பலகையில் எழுதினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு ஷாமிளா வாயைத் திறந்தாள்.

"நெலம் தோட்டத்துது. மூலதனம் யாருதுன்னே தெரியல. ஒழைப்பு மட்டுந்தான் நம்மளுது. அந்த நாலாவதுக்கும் லெட்டர் எழுதித்தான் கேக்கணுமாங்க டீச்சர்?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இருந்தால் எழுதி அனுப்பு.

கடைசியாக ஒரு விசயம். தடை வருமுன் ஊறப் போட்ட இலைகளை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஊறியதைத் தொரை திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே செய்து முடித்தோம். ஐம்பது கார்ட். பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இலையாகத் தேய்த்து, நரம்பு அறுந்ததையெல்லாம் கழித்துவிட்டு, நல்லதை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொன்றிலும் நாலு வரி சிங்களக் கவிதை. ஐம்பதும் வேறு வேறு, எல்லாம் பிள்ளைகளே கட்டியது. ஒரு கார்டில் உள்ளதை அஜந்தன் எனக்குத் தமிழில் சொன்னான்: இலை தன் பச்சையைக் கொடுத்துவிட்டது, உனக்கு வாழ்த்துச் சொல்ல வெறும் கையோடு வந்திருக்கிறது.

"தாட்சாயினி மிஸ் ஒருக்கா கையில எடுத்துப் பாத்தாங்கன்னா மேசை குடுத்துருவாங்க" என்கிறாள் ஷாமிளா. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. சாமான் ஏற்றும் முக்தார் நானாவின் லொறி சனிக்கிழமை இரத்தினபுரிக்கு வருகிறது, பெட்டியை அதில் அனுப்புகிறேன். திறந்து பார். பார்த்துவிட்டுச் சொல்.

விஜயகலா


இரத்தினபுரி.
15.05.2025

அன்பின் விஜிக்கு,

ஒரு மாதமாக எழுதாததற்கு முதலில் மன்னிப்பு. உமது கடிதம் என்னைச் சுட்டுவிட்டது. என்ன எழுதினாலும் பிழையாகிவிடும் என்று பயந்து, ஏதாவது செய்துகாட்டிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது எழுத நல்ல செய்தி இருக்கிறது!

பெட்டியைத் திறந்தேன். என்ன வடிவு! பணிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போட்டியில் சேர்க்க முடியாது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் வாசலில் எங்கள் கந்தோரின் நலன்புரி மேசை ஒன்று இருந்தது, அதில் வைக்க விட்டார். விதியையும் மீறவில்லை, பிள்ளைகளையும் கைவிடவில்லை. நானே பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் எழுதி வைத்தேன்: 'வறிய தோட்டப்புற மாணவரின் கைவண்ணம். உங்கள் அன்பளிப்பு அவர்களின் எதிர்காலம்.'

விஜி, சனம் அள்ளிக் கொடுத்தது! கேட்ட விலைக்கு மேலேதான் எல்லாரும் போட்டார்கள். ஒரு அம்மா பெரிய நோட்டாகப் பெட்டியில் போட்டுவிட்டு, "கார்ட் வேண்டாம், பாவம், பிள்ளைகளே வைத்திருக்கட்டும்" என்று சொல்லிப் போனா. அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். அதனால் பாதிக்கு மேல் கார்ட் மிஞ்சி என் மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கிறது. மற்ற மேசைகள் எதற்கும் இவ்வளவு சேரவில்லை. காசை உமது கணக்குக்குப் போட்டிருக்கிறேன். ஷாமிளாவிடம் சொல்லும், அவள் வென்றுவிட்டாள் என்று.

பொசன் விடுமுறைக்கு இரண்டு நாள் அங்கே வந்து உம்முடன் லயத்திலேயே நிற்கலாம் என்று இருக்கிறேன். நேரில் வந்து எல்லோரையும் பார்த்துக் கதைத்தால் மனஸ்தாபம் தீர்ந்துவிடும். ஒடியல் மாவும் கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
தாட்சா


மேல் டிவிசன்,
தெஹியோவிட்ட.
27.05.2025

அன்புள்ள தாட்சா,

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கார்ட் என்ன ஆனது என்று தினமும் கேட்கிறார்கள். அந்தப் பலகையில் நீ எழுதியதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சொன்னேன். கேட்டதற்கு மேலேயே காசு வந்தது என்றதும் அஜந்தன் மேசையில் தாளம் போட்டான். ஷாமிளா கையைத் தூக்கினாள்.

"அவங்க கார்டத் தெறந்து பாத்தாங்களாங்க டீச்சர்?"

பார்த்திருப்பார்கள் என்றேன்.

"பாத்திருந்தா எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் தாளம் போடவில்லை. வாடிக்கையாளர் என்றால் யார் என்று நான் ஒரு தவணை முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பொருளைப் பார்த்து, பிடித்து, விலை கொடுத்து எடுத்துப் போகிறவர் என்று. அவளுக்கு அது நன்றாக விளங்கியிருக்கிறது, தாட்சா. என்னிடம் படித்தவர்களில் இதை இவ்வளவு நன்றாக விளங்கிக்கொண்டவள் வேறு யாரும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. உன் முன்னால் இருந்தால் கத்தியிருப்பேன். நல்ல மனதோடுதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

காசை என்ன செய்வது என்று கேட்டேன். "அது நம்ம வித்த காசு இல்லைங்க டீச்சர். வெறகு வாங்கிக் குடுங்க" என்றாள். மற்றப் பிள்ளைகளும் சரி என்றார்கள். கீழே ஆற்றோரத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாத்தயாவிடம் ஒரு டிரக்டர் விறகு வாங்கினோம். அதுவும் ரப்பர் விறகுதான். மேலே மலையில் கொப்பு விழுந்து மழையில் உக்கிக் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே கீழேயிருந்து விலைக்கு வாங்கி ஏற்றி வந்து லயத்து எட்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். மூக்காயி அக்கா வாங்கி அடுப்படியில் அடுக்கிக்கொண்டது. இரண்டு கிழமைக்குக் காணும் என்று நினைத்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. உன் பணிப்பாளரின் கடிதத்துக்குக் கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தாய், இருக்கிறோம்.

அடுத்த வருடம் பாடம் இல்லை என்று நல்லையா சேர் முடிவாகச் சொல்லிவிட்டார். மேசை போடவில்லையே என்கிறார், அது உண்மைதான். ஷாமிளா போன திங்கட்கிழமையிலிருந்து சுகாதார வகுப்பில் இருக்கிறாள். வழியில் கண்டால் வணக்கம் சொல்கிறாள், எதிர்க்கேள்வி கேட்பதில்லை. உன் லாச்சியில் இருக்கும் கார்டுகளை முக்தார் நானாவின் லொறியில் திருப்பி அனுப்பிவிடு. அவை பிள்ளைகளுடையவை.

பொசனுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வராதே, தாட்சா. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு. நீ வந்து லயத்தில் நின்றால் எட்டு வீட்டிலும் உன்னைக் கூப்பிடுவார்கள். மூக்காயி அக்காவும் கூப்பிடும். ஏசிக்கொண்டேயானாலும், ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்காமல் எந்த வீட்டு வாசலையும் தாண்ட உன்னை விடமாட்டார்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. எட்டு வீட்டிலும் உனக்காக அடுப்பு மூட்ட வேண்டும். அதற்கு இங்கே விறகு இல்லை.

விஜயகலா